குறையில்லாத பயணம்

தாராவின் வீடு கல்கத்தா நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடியில் இருந்தது. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பிரிட்டோ அந்தப் பன்னிரண்டு மாடியையும் படியேறிப் போய்ச் சேர்ந்தார். மனைவி செல்வராணி லிஃப்டில் முன்னாலேயே போய்விட்டிருந்தாள். லிஃப்டில் கூட்டம், நடந்தால் உடம்புக்கும் நல்லது என்று எப்போதும் சொல்லும் காரணத்தையே மகளிடம் சொல்லிவிட்டு, அவர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயதில் எங்கள் ஆபீஸில் ஒருவராலும் இது முடியாது என்றான் மருமகன் அனிர்பன். டைவர் உடம்பு, வேறு எப்படி இருக்கும் என்றாள் தாரா.

சாப்பிட்டு முடித்ததும் தாரா லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அக்டோபரில் பெற்றோருக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் நிறைகிறது. துர்கா பூஜை விடுமுறையும் அப்போதுதான். நால்வருமாகக் கப்பலில் போகலாம், போகிற வழியில் நல்ல பவளப்பாறை உள்ள இடங்களில் இறங்கி ஸ்கூபா செய்யலாம் என்றாள். போன குளிர்காலத்தில் அந்தமானில் அவளும் அனிர்பனும் அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"முப்பது வருஷமா சேத்துத் தண்ணில கையால தடவித்தான் வேல பாத்திருக்கீங்க அப்பா. ஒரு தடவையாவது தண்ணிக்குள்ள கண்ணால பாருங்க. நான் கூட வர்றேன்."

பிரிட்டோ சிரித்தார். நல்ல யோசனைதான், கப்பலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். லேப்டாப்பைத் தன் பக்கமிருந்து மெல்லத் தள்ளிவைத்தார்.

அவள் சொன்னது உண்மைதான். தூத்துக்குடியிலிருந்து இருபத்தைந்து வயதில் கல்கத்தாவுக்கு வந்த பிரிட்டோ, ஹவுராவில் ஆற்றோரம் இருந்த ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தில் முக்குளிக்கும் வேலையில் சேர்ந்தார். ஜெட்டித் தூண்களைச் சோதிப்பது, படகின் விசிறியில் சுற்றிய கயிற்றை அறுப்பது, ஆலைகள் ஆற்றுத் தண்ணீர் இழுக்கும் குழாய்களில் அடைப்பெடுப்பது. தலையில் ஹெல்மெட், அதற்கு மேலே படகிலிருந்து காற்று வரும் குழாய், பேசுவதற்கு ஒரு ஒயர். ஹூக்ளியில் இரண்டடி இறங்கினால் கண்ணாடிக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. விரல்தான் கண்.

அந்த வேலையை விடச் சொல்லிச் செல்வராணி கேட்காத வருடம் இல்லை. அவளுடைய சித்தப்பா சங்கு குளிக்கப் போய்த் திரும்பாதவர். அவள் கேட்கும்போதெல்லாம், பயந்தவனுக்கு இந்தத் தொழில் இல்லை என்று பிரிட்டோ வாயை அடைத்துவிடுவார். மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் அவரை ஒவ்வொருவரிடமாகக் கூட்டிப்போய், ஆற்றுக்கு அடியில் நடப்பவர் என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். தாராவுக்கு அன்று முகம் கொள்ளாத பெருமை.

அந்தக் கல்யாணம் முடிந்த நாலாவது மாதம் அது நடந்தது. ஆலை ஒன்றின் தண்ணீர்க் குழாய்க்குள், மண்டியிட்டு நகரும் அளவுக்கு மட்டுமே அகலமான சிமெண்ட் பொந்தில், ஆகாயத்தாமரையும் துணியும் மூங்கிலும் அடைத்துக் கிடந்தன. பம்பை நிறுத்திவிட்டு பிரிட்டோ உள்ளே போனார். பாதி எடுத்திருந்தபோது மேலே தங்கியிருந்த சேறு சரிந்து அவருக்குப் பின்னால் விழுந்தது. காற்றுக் குழாய் மூங்கிலுக்கடியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் இடமில்லை. காற்று வந்தது, ஆனால் குறைவாக வந்தது. மேலே படகில் நின்ற கூட்டாளி முக்குளிப்பாளர் அப்துல் ரஹீம் ஹெல்மெட் ஒயர் வழியே போனில் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவரே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கியபின் போனில் பேச ஆளில்லை. முழு இருட்டில், சேறு முதுகில் அழுத்த, தன் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டபடி பிரிட்டோ கிடந்தார். வெளியே வந்தபோது மொத்தம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது என்றார்கள்.

ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பின் வேலைக்குப் போனார். படகின் ஏணியில் நின்று ஹெல்மெட்டைத் தலையில் இறக்கியதும் நெஞ்சு இறுகியது. கையைக் காலை உதைத்து அதைக் கழற்றச் சொன்னார். ரஹீம் சட்டென்று கழற்றிவிட்டு, வால்வில் ஏதோ கோளாறு என்று மற்றவர்களிடம் வங்க மொழியில் சொன்னார். மறுநாளும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் நாள் ரஹீம் பேசாமல் தானே இறங்கினார்.

ரஹீம் கீழக்கரைக்காரர், பிரிட்டோவைவிட இரண்டு வயது மூத்தவர். பிரிட்டோ அவரை, அண்ணனைக் கூப்பிடும் அவருடைய ஊர் வழக்கப்படி, காக்கா என்றுதான் கூப்பிடுவார். வங்காளிகள் அதைச் சித்தப்பா என்று புரிந்துகொண்டார்கள். யார் எப்போது இறங்கினார் என்று குறிக்கும் முக்குளிப்புப் புத்தகத்தில் பிரிட்டோவின் பெயர் தொடர்ந்து எழுதப்பட்டது. இறங்கியது ரஹீம். பிரிட்டோ படகில் நின்று குழாயை விட்டுப் பிடித்தார், போனில் பேசினார். வீட்டுக்குக் கிளம்புமுன் ஓவராலையும் உள்பனியனையும் ஜெட்டிக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டார். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது தாரா கப்பலோடு வந்து நிற்கிறாள்.

முடியாது என்று சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை. அதனால் குறை சொன்னார். முதலில் அவள் காட்டியது சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பினாங்கு, புக்கெட் போய்வரும் பெரிய கப்பல். பிரிட்டோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேர அட்டவணையைப் பார்த்தார். கப்பல் காலையில் துறையில் கட்டி, ஆளிறங்கி முடிய ஒன்பது மணி ஆகும். முக்குளிப்புப் படகுகள் ஏழரைக்கே போய்விடும். நல்ல பாறை இருக்கும் தீவுக்குப் போகவே இரண்டு மணி நேரம், மாலை ஐந்துக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். கரையோரம் கலங்கல் தண்ணீரில் அரைமணி நேரம் இறங்கத்தான் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டார்.

தாரா அசந்துபோனாள். இதை ஏஜென்சிக்காரன் சொல்லவே இல்லையே என்றாள். அடுத்த வாரமே மும்பையிலிருந்து லட்சத்தீவு போகும் கப்பலைக் கண்டுபிடித்து, லேக் மார்க்கெட்டில் பெற்றோர் குடியிருந்த வீட்டுக்கு வந்தாள். மழைக்காலம் முடிந்த கையோடு அந்தப் பக்கம் அலை அடங்கியிருக்காது, படகே இறக்கமாட்டார்கள் என்றார் பிரிட்டோ. அதன்பின் மாலத்தீவு. நேரமும் சரி, தண்ணீரும் தெளிவு. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு போன் செய்தார். கடைசி நாள் மதியம் முக்குளிப்பு, மறுநாள் விடியற்காலை விமானம். முக்குளித்தபின் ஒரு முழுநாளாவது கழியாமல் விமானம் ஏறக்கூடாது, உடம்பில் தங்கிய காற்று ரத்தத்தில் குமிழாகிவிடும். இது அவர் உண்மையிலேயே அறிந்த விஷயம். சொல்லும்போது குரலில் தெம்பு வந்தது. அப்படிச் சொன்னதற்காகப் பிறகு தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. ஒவ்வொரு குறையையும் தாரா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று செல்வராணி சொல்லித் தெரிந்தது. அந்தக் குறை எதுவும் இல்லாத கப்பலைத் தேடுகிறாளாம்.

டாக்டராவது தடுப்பார் என்று நினைத்தார். ஸ்கூபாவுக்கு மருத்துவர் கையெழுத்து வேண்டும். தெரு முனையில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்த டாக்டரிடம் தானாகவே போய், காது வலிக்கிறது, படபடப்பு வருகிறது என்றார். ஈசிஜி எடுத்தார்கள், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், ஊதச் சொன்னார்கள். எல்லாம் இளைஞனைப்போல இருக்கிறது, தினம் மாடியேறுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றார் பிரிட்டோ. அப்படியே தொடருங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே வந்தவர், மசாலாச் சாமான் கடை வாசலில் போகும் வழி மறந்தவர்போல நெடுநேரம் நின்றார்.

ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு, நல்ல மழை. கோயிலிலிருந்து திரும்பிச் செல்வராணி இட்லிக்கு அடுப்பேற்றியிருந்தாள். தாரா நனைந்தபடி வந்தாள். கிடைத்துவிட்டது என்றாள். பாலித்தீவிலிருந்து புறப்படும் சிறிய கப்பல், முப்பது பேர்தான். எட்டு நாள். கப்பலே பாறைக்குப் பக்கத்தில் நங்கூரம் போடும், முக்குளிப்புப் படகு கப்பலோடு வரும். அக்டோபரில் அங்கே தண்ணீர் கண்ணாடி. நீரோட்ட இழுப்பு அதிகமான இடங்களை விலக்கிவிட்டு அமைதியான இடங்களாகத் தேர்ந்திருக்கிறார்கள். கடைசி இரண்டு நாள் முக்குளிப்பே கிடையாது. அப்பாவுக்குப் பிடிக்காது என்று லிஃப்ட் இல்லாத கப்பலாகப் பார்த்ததாகவும் சொல்லிச் சிரித்தாள்.

பிரிட்டோ திரையைப் பார்த்தார். வரைபடத்தில் தீவுக்குத் தீவு கோடு போயிற்று. அறைகளின் படமும் இருந்தது. கீழ்த்தளம், இரண்டு கட்டில், திறக்க முடியாத வட்டக் கண்ணாடி. அவர் மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை.

இன்றே படிவத்தை அனுப்பினால்தான் இடம் நிச்சயம் என்று தாரா சொன்னாள். கேள்விகளை வாசித்தபடி, அவரைக் கேட்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை', 'இல்லை' என்று குறித்துக்கொண்டு போனாள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு. அடுத்த கேள்விக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மூடின இடத்துல பயம், மூச்சுத் திணறுற மாதிரி பதற்றம். உங்ககிட்ட போய்க் கேக்குறாங்க பாருங்க."

"இரு, தாரா," என்றார் பிரிட்டோ. "அதுல ஆமான்னு போடு."

அவர் விளையாடுகிறார் என்று அவள் முதலில் நினைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். குழாயைப் பற்றி, ஐம்பது நிமிடத்தைப் பற்றி, ஏணியில் நின்று உதைத்துக்கொண்டதைப் பற்றி. லிஃப்ட் ஏறாதது எதற்காக என்பதையும், இரண்டு வருடமாகத் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை என்பதையும். சொல்லச் சொல்ல வார்த்தை தானாக வந்தது. துணியை நனைத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததை மட்டும் வெட்கத்தில் மெதுவாகச் சொன்னார்.

செல்வராணி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள். "ஆத்துத் தண்ணில நனைஞ்ச பனியன்ல சேறு போவ மூணு தடவ அலசணும். ரெண்டு வருசமா ஒரே அலசுல வெள்ளையா வருது."

பிரிட்டோ திகைத்துத் திரும்பினார். ஏன் கேட்கவில்லை என்றார்.

"கேட்டா ரோசத்துல மறுநாளே இறங்கிருவிய. அதான் கேக்கல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு துணியையும் அலசும்போது அவளும் தனியாக இதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தாரா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அப்போ உங்க பேருக்கு யார் இறங்குறா?"

"ரஹீம் காக்கா."

"அவருக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

அவள் லேப்டாப்பை மூடினாள். "நீங்க பயந்ததுல எனக்கு ஒண்ணும் இல்ல அப்பா. அவர் உள்ள மாட்டியிருந்தா, அவரை எடுக்க யார் போயிருப்பா?"

நிறுவனத்தில் முக்குளிப்பவர்கள் இரண்டே பேர். ரஹீமைத் தவிர இருப்பது பிரிட்டோ மட்டுமே என்று புத்தகம் சொன்னது. தாரா இட்லி சாப்பிடாமல், மழையிலேயே கேப் பிடித்துப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தான் அடைபட்டுக் கிடப்பதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தார். ரஹீம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும், மேலே குழாயைப் பிடித்து நிற்பவன் காப்பாற்ற வரமாட்டான் என்று தெரிந்தே இறங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்தார். ரஹீம் ஜெட்டியில் உட்கார்ந்து ஹெல்மெட்டின் ரப்பர் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் சொல்லப்போகிறேன் என்றார் பிரிட்டோ. ரஹீம் திரும்பவில்லை. இரண்டாம் முறை சொன்னார். அப்போதும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லு," என்று வலது காதைக் காட்டினார். "இடது காது கேக்கல. டிசம்பர்லேர்ந்து."

பிரிட்டோ வலப்பக்கம் வந்து நின்றார். போனில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருப்பதை அவர் கவனித்திருந்தார். ஒயர் பழசாகிவிட்டது என்று எண்ணியிருந்தார். அடுத்தடுத்து இறங்கியதில் காதில் அடிபட்டிருக்கிறது. டாக்டரிடம் போனால் வேலையை நிறுத்தச் சொல்வார், நிறுத்தினால் உன் விஷயம் வெளியே வரும் என்பதால் போகவில்லை என்று ரஹீம் சாதாரணமாகச் சொன்னார். எப்போது சொல்வாய் என்று தானும் காத்திருந்ததாகவும் சொன்னார். கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் பிரிட்டோவால் தாங்க முடியவில்லை. ஜெட்டிப் பலகையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"எந்திரி," என்றார் ரஹீம். "ரெண்டு பேருமாப் போவோம்."

ஆபீஸில் பெரிய சத்தம் எழுந்தது. புத்தகத்தில் பொய் எழுதியதற்காக இருவரையும் ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதன்பின் பிரிட்டோவைப் படகில் குழாய் பிடிப்பவர் என்று குறைந்த சம்பளத்துக்கு மாற்றினார்கள். ரஹீம் மேற்பார்வையாளர் ஆனார். விசாகப்பட்டினத்திலிருந்து புதிதாக இருவர் முக்குளிக்க வந்தார்கள். ரஹீமைக் காது மருத்துவரிடம் பிரிட்டோவே கூட்டிப்போனார். போன செவித்திறன் திரும்பாது, மற்றக் காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. ரஹீமின் வலது பக்கமாகவே பிரிட்டோ நடந்துவந்தார்.

தாரா மூன்று வாரம் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். நாலாவது வாரம் பிரிட்டோவே அவளைக் கூப்பிட்டு, காக்காவிடமும் ஆபீஸிலும் பேசிவிட்டதைச் சொன்னார். அவள் அழுதாள். அந்தக் கப்பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உங்களை இனி அதில் இழுக்கமாட்டேன் என்றாள். நான் வருகிறேன், ஆனால் இந்தத் தடவை எனக்கு வேண்டியதை நான் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றார் அவர். அறைக்கதவைத் திறந்தால் வெட்டவெளித் தளமாக இருக்க வேண்டும். ஜன்னல் திறக்க வேண்டும். முக்குளிப்புப் படகில் அவர் மேலேயே இருப்பார். இறங்கச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது.

அப்படித் தேடியதில் கிடைத்தது சுமாரான கப்பல்தான். ஆறே நாள், முக்குளிக்க இரண்டே இடம், அதிலும் ஒன்று கரையோரக் கலங்கல். பாலித்தீவுக் கப்பலில் பாதிகூடத் தேறாது என்று அனிர்பன் சொன்னான். தாரா அதற்கே பதிவு செய்தாள்.

அக்டோபரில் போனார்கள். முதல் இரண்டு இரவும் பிரிட்டோ அறைக்கதவைத் திறந்துவைத்துத்தான் தூங்கினார். மூன்றாம் நாள், தெளிந்த தண்ணீர் உள்ள தீவுக்குப் பக்கத்தில் படகு நின்றது. தாராவும் அனிர்பனும் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டோ மகளின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்தார், காற்று அளவைப் பார்த்தார், மூச்சுக்குழாயை வாயில் வைத்து மூன்று முறை மூச்சிழுக்கச் சொன்னார். அவள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். குமிழிகள் படகைவிட்டு விலகிப் போவதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். செல்வராணி ஏதோ கேட்டாள். அவர் கையை உயர்த்தி, பிறகு சொல்கிறேன் என்று சைகை செய்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் படகின் ஏணியில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. படகோட்டி தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் கண்ணாடிக் கவசம் ஒன்றை நீட்டினான். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு முறை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். மூச்சு சற்று வேகமாயிற்று. மூன்றாம் முறை முயலவில்லை.

நாற்பது நிமிடத்தில் தாராவின் தலை படகிலிருந்து பத்து முழத்தில் மேலே வந்தது. ஏணியில் அவரைக் கண்டு ஒரு கணம் நின்றாள். கவசம் போடவில்லையா என்று கேட்கவில்லை. நீந்தி வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். அவர் அவளுடைய முதுகுச் சிலிண்டரின் வாரைப் பற்றித் தூக்கி, பளுவைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.